கண்மாய் பெருகும் மாதங்களில் நிலவறையில் ஊறும் தண்ணீர்: வடிகுழியும் மோட்டாரும் அமைப்பது குறித்து

சுங்குடிக்கிடங்கு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மதுரை மாடக்குளம் கண்மாய்க்கரைக்குக் கீழே, ஒரு தலைமுறைக்கு முன்புவரை நெல்வயலாக இருந்து பிறகு மனைகளாகப் பிரிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறது. சுங்குடிச் சேலைக் கட்டுகளை அடுக்கி வைப்பதற்காக என் தந்தையார் வீட்டின் முன்பகுதிக்குக் கீழே 20 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட நிலவறை ஒன்றைக் கட்டினார். அதன் தரை தெரு மட்டத்திலிருந்து 7 அடி தாழ்ந்திருக்கிறது. சுவர்கள் செங்கல்லால் ஆனவை. தரை, கம்பி கட்டாத வெறும் கான்கிரீட்.

சித்திரையிலும் வைகாசியிலும் முற்றிலும் உலர்ந்து கிடக்கும் அந்த அறையில், ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகத் தொடங்கியதும் சுவரும் தரையும் கூடுகிற இடத்தில் தண்ணீர் ஊறத் தொடங்கிவிடுகிறது. கண்மாய் இறங்கும்வரை, பெரும்பாலும் தை முடியும்வரை, ஊறுவது நிற்பதில்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதும் அதே ஐப்பசியில்தான் என்பதால், கட்டுகளை மாடிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாகவே எங்கள் பருவம் கழிகிறது. ஈரக்காற்று பட்டாலே பருத்தித் துணியில் பூஞ்சைப் புள்ளி விழுந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு ஓர் ஒப்பந்தக்காரர் உட்சுவர் முழுவதும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார். அடுத்த மழையிலேயே அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிட்டது. இனிக் குழி தோண்டி மோட்டார் வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். குழி எந்த அளவில் இருக்க வேண்டும், எந்த வகை மோட்டார் வாங்க வேண்டும், இறைத்த தண்ணீரை எங்கே விட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுகால்:

ஐயா, கண்மாயின் ஆயக்கட்டு நிலத்தில் 7 அடி இறங்கிவிட்டுத் தண்ணீர் வரக்கூடாது என்று எதிர்பார்ப்பது கடினம். என் யோசனை, அறையைக் கிராவல் கொட்டி இறுக்கி நிரவிவிட்டு, சரக்குக்கு மாடியில் ஒரு தளம் எழுப்பிக்கொள்வதுதான். மோட்டார் என்பது ஆண்டுதோறும் கவனித்தே ஆக வேண்டிய பொருள். ஒரு நாள் கவனிக்கத் தவறினாலும் சேதம் உங்களுடையது.

திருநகர்ப்பொறியாளர்:

மறுகால் அவர்கள் சொல்வதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். சில வீடுகளுக்கு அதுவே சரியான முடிவு. ஆனால் நிரவுவதாக இருந்தாலும் மோட்டார் வைப்பதாக இருந்தாலும், வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் வீடுகளில் நிலவறைச் சுவரை ஒட்டியே குடிநீர்ச் சம்ப் தொட்டி இருக்கும். இன்னொரு பக்கம் செப்டிக் டேங்க் இருக்கும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டபோது, இடம் இல்லாத காரணத்தால் பலர் சேகரிப்புக் குழியை அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே வெட்டிவிட்டார்கள். மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் நாமே நிலவறைச் சுவரின் முதுகில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அதை ஊற்றுநீர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகள் மதுரையில் ஏராளம்.

ஆகவே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, சம்ப் தொட்டியை மாலையில் நிரப்பி, உள்வரும் குழாயையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவைத்து, காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியில் கசிவு உண்டு. இரண்டாவது, குடிநீர் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், நிலவறையில் ஊறிய தண்ணீர் ஆகிய மூன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். வைகையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் உப்பு குறைவாகவும் நிலத்தடி நீரில் பல மடங்கு கூடுதலாகவும் இருப்பது நம் பகுதியின் இயல்பு. ஊறிய தண்ணீர் எதன் அளவை நெருங்குகிறதோ, அதுவே அதன் பிறப்பிடம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மூன்றாவது, அக்கம்பக்கத்தில் மூடப்படாத பழைய கிணறு இருந்தால் அதன் நீர்மட்டம் தெருவிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். தண்ணீரில் நுரையோ வாடையோ இருந்தால், பரிசோதனைக்கூடத்தில் மலக்கிருமிச் சோதனை செய்யாமல் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

சோதனைகள் முடிந்தபின், ஊற்று மிகுதியாக உள்ள மூலையில் தரையை வெட்டி, ஓரடிக்கு ஓரடி அளவில் சிறு குழி எடுத்து, தண்ணீரை இறைத்துவிட்டு, மறுபடி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் கடிகாரம் வைத்துக் குறித்துச் சொல்லுங்கள். அந்த ஓர் அளவு இல்லாமல் எந்த மோட்டார் என்று சொல்வது வெறும் ஊகம்.

சுங்குடிக்கிடங்கு:

மிக்க நன்றி ஐயா. சம்ப் தொட்டியில் போட்ட கோடு காலையிலும் அப்படியே இருந்தது. ஊறிய தண்ணீரின் உப்பு அளவு எங்கள் போர்த் தண்ணீரின் அளவோடு ஏறக்குறைய ஒத்திருக்கிறது. குழாய்த் தண்ணீரோடு ஒத்துப்போகவே இல்லை. வாடை எதுவும் இல்லை. இரண்டு வீடு தள்ளி உள்ள கிணற்றில் தண்ணீர் தெருவிலிருந்து 4 அடி ஆழத்திலேயே நிற்கிறது. சோதனைக் குழியில் இறைத்தபின் நிமிடத்திற்குச் சுமார் 3 அங்குலம் ஏறுகிறது. மழைநீர் சேகரிப்புக் குழி, தாங்கள் சொன்னதைப் போலவே, நிலவறையின் கிழக்குச் சுவரிலிருந்து இரண்டடி தூரத்தில்தான் உள்ளது.

பூச்சுக்கடை_பழங்காநத்தம்:

கட்டட வேதிப்பொருள் விற்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண நீர்த்தடுப்புப் பெயின்ட் உரிந்தது வியப்பில்லை. அது சுவரின் மேலே ஒட்டி நிற்கும் படலம். கான்கிரீட்டின் நுண்துளைக்குள் ஊடுருவிப் படிகமாக வளரும் பூச்சுகள் இப்போது கிடைக்கின்றன. பின்னால் இருந்து தண்ணீர் தள்ளினாலும் அவை தாங்கும். விரிசல்களைச் சிமென்ட் பால் செலுத்தி அடைத்துவிட்டு இதைப் பூசினால், காலம் முழுவதும் மின்கட்டணம் கட்டி மோட்டார் ஓட்ட வேண்டிய தேவை இராது.

திருநகர்ப்பொறியாளர்:

படிகப் பூச்சு நல்ல பொருள்தான், ஆனால் அது கான்கிரீட்டுக்கு உரியது. செங்கல்லும் சாந்தும் கலந்த சுவரில் அது வளர்வதற்கான இடம் போதாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. கிணற்று மட்டம் தெருவிலிருந்து 4 அடியில் நிற்கிறது, நிலவறைத் தரையோ 7 அடியில் இருக்கிறது என்றால், தரைக்கு அடியில் 3 அடித் தண்ணீரின் அழுத்தம் நிற்கிறது என்று பொருள். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளும். தங்கள் அறை சுமார் 28 சதுர மீட்டர். மூலைக்கசிவு அனைத்தையும் இறுக்கி அடைத்துவிட்டால் கம்பியில்லாத அந்தத் தரையை ஏறக்குறைய 25 டன் விசை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். இன்று அந்தத் தரை உடையாமல் இருப்பதற்கு மூலை வழியே தண்ணீர் கசிந்து அழுத்தம் தணிவதே காரணம். ஆகவே இங்கே தண்ணீரை அடைக்கக் கூடாது. அதற்கு வழி அமைத்துக் கொடுத்து, ஓரிடத்தில் சேர்த்து, இறைத்து வெளியேற்ற வேண்டும். இதைத்தான் வடிகுழியும் மோட்டாரும் செய்கின்றன.

முதல் வேலை, மோட்டாருக்கு முன்பே, அந்த மழைநீர்க் குழியை மூடிவிட்டு மாடித் தண்ணீரை மனையின் மறுகோடிக்குக் கொண்டுபோவது. சேகரிப்பைக் கைவிட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும்.

அடுத்தது சுற்றுவடிகால். நிலவறையின் உள்ளே நான்கு சுவர்களையும் ஒட்டித் தரையை ஓரடி அகலத்திற்கு வெட்டி எடுத்துவிட்டு, அஸ்திவாரத்தின் அடிமட்டத்திற்குக் கீழே எந்த இடத்திலும் போய்விடாமல் வாய்க்கால் தோண்ட வேண்டும். அதில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, 20 மில்லிமீட்டர் கழுவிய ஜல்லியை ஒரு படுகையாகப் பரப்பி, 4 அங்குலத் துளையிட்ட பி.வி.சி. குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, பத்தடிக்கு ஓர் அங்குலம் வீதம் குழியை நோக்கிச் சரிவு கொடுத்து, மேலும் ஜல்லி போட்டுத் துணியை மடித்து மூடிவிட வேண்டும். அதன்மேல் கான்கிரீட் போடும்போது சுவரோரம் ஒரு விரற்கடை இடைவெளி விட்டால், சுவரில் வழியும் நீரும் அதற்குள் இறங்கிவிடும். துணி இல்லாமல் ஜல்லியை மட்டும் போடுபவர்கள் உண்டு. ஓரிரு மழைக்காலத்தில் வண்டல் ஏறி அது அடைத்துக்கொள்ளும்.

குழி 2 அடி விட்டமும் தரையிலிருந்து இரண்டரை அடி ஆழமும் இருந்தால் போதுமானது. பக்கத்தில் துளையிட்ட சிமென்ட் உறை அல்லது தடித்த பிளாஸ்டிக் பீப்பாயை இறக்கி, அதைச் சுற்றிலும் அடியிலும் ஜல்லி நிரப்ப வேண்டும். குழியின் அடி அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைவிட எத்தனை அடி கீழே இறங்குகிறதோ, அதற்குக் குறையாத தூரம் அஸ்திவார விளிம்பிலிருந்து விலகியிருக்கட்டும். மேலும், ஊறும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தெளியவிட்டு, அடியில் மணல் தங்குகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தண்ணீரோடு மணலையும் சேர்த்து இறைத்துக்கொண்டே இருந்தால், அஸ்திவாரத்தின் கீழ் இருக்கும் மண் சிறிது சிறிதாகக் காலியாகிவிடும். வைகைக்கரையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில் இந்த அபாயம் மிகுதி.

இனி மோட்டார். ஓரடிச் சதுரக் குழியில் ஓர் அங்குலத் தண்ணீர் 2.36 லிட்டர். தங்கள் குழியில் நிமிடத்திற்கு 3 அங்குலம் என்றால் 7 லிட்டர். நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர். நான்கு சுவர்களின் ஊற்றும் ஒருங்கே சேரும் என்பதாலும் பெருமழை நாளில் கூடும் என்பதாலும் நான்கு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்திற்கு 28 லிட்டர். குழியின் அடியிலிருந்து தெருமட்டத்திற்கு மேலே 2 அடி வரை தண்ணீர் ஏற வேண்டிய உயரம் 12 அடிக்குச் சற்றுக் குறைவு. குழாயின் உராய்வையும் சேர்த்தால் 5 மீட்டர். ஐந்து மீட்டர் உயரத்தில் நிமிடத்திற்கு 100 லிட்டர் கொடுக்கும் அரை எச்.பி. டிரெய்னேஜ் பம்ப் ஒன்று தாராளமாகப் போதும். கடையில் ஓப்பன்வெல் மோட்டாரை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், வேண்டாம். அது தெளிந்த தண்ணீரை உயரத்திற்கு ஏற்றுவதற்காக அமைந்தது, முழுவதும் மூழ்கி இருந்தால்தான் சூடு தணியும். இரண்டடிக் குழியில் அதை எப்போதும் மூழ்கவைத்திருக்க இயலாது.

சுங்குடிக்கிடங்கு:

நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் என்பதைப் படித்ததும் என் தாயார் மோட்டார் இரவெல்லாம் ஓடுமே, மின்கட்டணம் என்னவாகும் என்று கேட்கிறார்.

அண்ணாநகர்_ஆசிரியை:

உங்கள் தாயாரிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதே அமைப்பு சில ஆண்டுகளாக இருக்கிறது. மோட்டார் தொடர்ந்து ஓடாது. குழி நிறைந்ததும் ஒரு நிமிடம் போல ஓடி நின்றுவிடும். இரண்டடி விட்டக் குழியில் ஓரடி நீர் ஏறி இறங்கினால் 89 லிட்டர். நிமிடத்திற்கு 7 லிட்டர் ஊறினால் சுமார் 13 நிமிடத்திற்கு ஒருமுறைதான் ஓடும். ஒரு நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே வரும். சத்தத்தைவிட, மோட்டார் நிற்கும்போது மேலே ஏறிய தண்ணீர் திரும்பி விழுந்து வால்வு அடிக்கும் ஓசைதான் தூக்கத்தைக் கெடுக்கும்; குழாயைச் சுவரில் இறுக்கும் இடங்களில் ரப்பர் பட்டை வைத்தபிறகு அது அடங்கிவிட்டது.

இரண்டு விஷயங்களை நான் அழுத்திச் சொல்வேன். நீர்மட்டத்திற்கேற்ப மோட்டாரைத் தானாக இயக்கி நிறுத்துவது ஃப்ளோட் சுவிட்ச். கயிற்றில் மிதக்கும் வகை குறுகிய குழியில் உறையிலோ குழாயிலோ சிக்கிக்கொள்ளும். செங்குத்துக் கம்பியில் ஏறி இறங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். குழிக்கு இறுக்கமான மூடி போடுங்கள், குழாயும் கம்பியும் நுழையும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். தேங்கிய தெளிந்த தண்ணீர் டெங்குக் கொசுவுக்கு உகந்த இடம், அதோடு திறந்த குழியிலிருந்து எழும் ஈரமே உங்கள் சேலைகளைக் கெடுக்கப் போதுமானது.

வயர்மேன்_அனுப்பானடி:

மின்சாரப் பக்கத்தை நான் சொல்கிறேன். நிலவறையில் ஈரத்தில் நிற்கும் மனிதருக்குச் சிறு கசிவு மின்சாரமே உயிரைப் பறிக்கும் என்பதை மறக்கக் கூடாது. இந்த மோட்டாருக்கெனத் தனி வயரிங்கும், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும், முறையான எர்த்தும் கட்டாயம் வேண்டும். சுவிட்சும் பிளக்கும் நிலவறைக்குள் இருக்கவே கூடாது. மேல்தளச் சுவரில் இருக்கட்டும். மோட்டாரின் கேபிளைக் குழிக்குள் வெட்டி ஒட்டுப்போட யாரையும் அனுமதிக்காதீர்கள். நீளம் போதாவிட்டால் தொடக்கத்திலேயே நீளமான கேபிள் உள்ள மோட்டாரை வாங்குங்கள்.

மின்தடை வருவதும் மழை உச்சத்தில் இருப்பதும் ஒரே நேரத்தில்தான் நிகழும். இன்வர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 550 வாட் எடுத்தாலும், கிளம்பும் நொடியில் அதன் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட சிறிய இன்வர்ட்டர் அங்கேயே நின்றுவிடும். சைன் வேவ் வகையில் 2 கே.வி.ஏ. அளவுக்குக் குறையாமல் வேண்டும். 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி அளவுக்கு நிகரான மின்சாரத்தைச் சேமித்து, அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும், சாதாரண ஊற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வரும். பொறியாளர் ஐயா சொன்ன நான்கு மடங்கு ஊற்றுக்கு ஆறு மணி நேரம் வருவதே கடினம். ஜெனரேட்டரை எக்காரணம் கொண்டும் நிலவறைக்குள்ளோ அதன் வாசலிலோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாடையில்லாமலே கொன்றுவிடும். குழியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மோட்டாரின் ஃப்ளோட்டுக்குத் தொடர்பில்லாத தனி மிதவையில் பேட்டரி அலாரம் ஒன்றைப் பொருத்துவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

குழாய் இணைக்கும் பிளம்பரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: வெளியேற்றும் குழாயில், ஏறிய தண்ணீர் குழிக்குத் திரும்பாமல் தடுக்கும் நான்ரிட்டர்ன் வால்வு இருக்க வேண்டும். மோட்டாரின் விளக்கக் கையேடு கேட்டிருந்தால், வால்வுக்கும் மோட்டாருக்கும் இடையில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றும் இட வேண்டும். அந்தத் துளை இல்லாவிட்டால் காற்று சிக்கி, மோட்டார் ஓடினாலும் தண்ணீர் ஏறாது.

மேலக்கால்_சம்சாரி:

தண்ணீரை எங்கே விடுவது என்று தொடக்கத்தில் கேட்டிருந்தார்கள், அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. கரைக்குக் கீழே உள்ள வயலில் கசிவு நிற்காது என்பதால், வயலின் தாழ்ந்த ஓரமாக வடிவாய்க்கால் வெட்டி அடுத்த மடைக்குத் தள்ளுவோம். உங்கள் நிலவறைக்குப் பொறியாளர் சொன்னதும் அதே வேலைதான். வயலாக இருந்த காலத்தில் அந்த வாய்க்கால்கள் தண்ணீரைக் கொண்டுபோயின, இப்போது அவை தெருவாகிவிட்டன. நல்ல தண்ணீர் பத்தாயிரம் லிட்டர் என்பது ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். அதைச் சாக்கடையில் கலந்துவிடாமல், மனையில் மண்ணுக்குள்ளேயே இறக்கிவிட முடியாதா?

திருநகர்ப்பொறியாளர்:

தங்கள் அக்கறை நியாயமானது ஐயா. ஆனால் கிணறு 4 அடியில் நிற்கும் காலத்தில் மண் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அதில் குழி வெட்டி ஊற்றினால் தண்ணீர் இறங்காது, இறங்கினாலும் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நிலவறைக்கே வரும். பாதாளச் சாக்கடையில் விடுவது அதைவிடத் தவறு. பெருமழையில் அது நிரம்பித் தெருவிலும் தாழ்ந்த வீடுகளின் கழிப்பறையிலும் பொங்கும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில், செல்லூர்க் கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். ஆகவே தெருவின் மழைநீர் வடிகாலுக்கு, மாநகராட்சியின் வார்டு பொறியாளரிடம் முன்பே எழுத்தில் கேட்டுக்கொண்டு, குழாயைக் கொண்டுசெல்லுங்கள். குழாயின் வாய் வடிகாலின் நிறைமட்டத்திற்கு மேலே இருக்கட்டும். இடையில் ஒரு டி இணைப்பும் வால்வும் வைத்து மொட்டைமாடியிலோ முற்றத்திலோ ஒரு தொட்டிக்கு எடுத்தால், கழிப்பறைக்கும் செடிகளுக்கும் சேலை அலசுவதற்குமான தண்ணீரை அதிலிருந்தே பெறலாம். மாடித் தொட்டி என்றால் இந்தச் சிறு மோட்டாரால் அவ்வளவு உயரம் தள்ள முடியாது. முற்றத்துத் தொட்டியிலிருந்து வேறு மோட்டார் ஏற்ற வேண்டும்.

சுங்குடிக்கிடங்கு:

அனைவருக்கும் நன்றி. மழைநீர்க் குழியை மனையின் பின்கோடிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டோம். ஊற்று இன்னும் நிற்கவில்லை, ஆனால் கிழக்குச் சுவரில் மட்டும் கசிவு கண்கூடாகக் குறைந்திருக்கிறது. வாளியில் பிடித்த தண்ணீரில் மணல் தங்கவில்லை. ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. வேலை முடிவதற்குள் பெருமழை வந்து அறையில் தண்ணீர் மூன்று நான்கு அடி நின்றுவிட்டால், வாடகை மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைத்துவிடலாமா?

திருநகர்ப்பொறியாளர்:

கூடவே கூடாது. வெளியே மண் நிறைந்திருக்கும்போது, உள்ளே நிற்கும் தண்ணீர்தான் சுவரை எதிர்ப்புறமிருந்து தாங்கிக்கொண்டிருக்கும். அதை ஒரேயடியாக எடுத்துவிட்டால் செங்கல் சுவர் உள்நோக்கிச் சரியலாம், தரை மேலெழலாம். முதலில் மேலிருந்தபடியே மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஓரடி மட்டும் இறைத்துவிட்டுச் சுவரில் கோடு போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் தண்ணீர் மறுபடி கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், வெளியே மட்டம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏறாமல் இருந்தால் அடுத்த அடியை இறைக்கலாம். அறையின் தரை தெரியத் தொடங்கியபின் சுவர்களில் புதிய விரிசலோ புடைப்போ இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே இறங்குங்கள்.

வயர்மேன்_அனுப்பானடி:

கோடைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாசி முதல் ஆவணிவரை குழி காய்ந்து கிடக்கும்போது மோட்டார் ஓடாமலே இருந்தால், நம் தண்ணீரின் உப்பு படிந்து தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகிவிடும். மாதம் ஒருமுறை நாலைந்து வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றி, ஃப்ளோட் தானாக மேலேறி மோட்டார் கிளம்பி நிற்கிறதா என்று பாருங்கள். புரட்டாசி பிறந்ததும் அதை வெளியே எடுத்து வடிகட்டியைக் கழுவி, நான்ரிட்டர்ன் வால்வையும் 3 மில்லிமீட்டர் துளையையும் சுத்தம் செய்து, இன்வர்ட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.